ஹாரன் அக்காவின் மரியாதைக் குரல்

ஹாரன் அக்காவின் குரல் போனது ஒரு வியாழக்கிழமை. முந்தைய நாள் சாயங்காலம் வரை அவர் பயிற்சி வண்டியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு தபால் ஊழியரைத் திட்டிக்கொண்டிருந்தார். "யோவ், கண்ணாடி எதுக்கு மாட்டிருக்கு? தலை சீவவா? பின்னாடி பாருய்யா." ஜன்னல் ஏற்றியிருந்தும் தெருமுனை வரை கேட்டது. மறுநாள் மருத்துவமனையில் தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துளை. அதன் மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார், அன்றைய உடுப்பின் நிறத்துக்குப் பொருத்தமாக.

எங்கள் கட்டடத்தில் மேல் மாடி வீடு அவருடையது. வண்டி ஓட்டச் சொல்லித் தருவது தொழில். ஹாரன் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவர் மறுத்ததும் இல்லை. முதல் நாள் யாரையும் வண்டியை எடுக்க விடமாட்டார். கதவைச் சாத்தச் சொல்வார். அடித்துச் சாத்தினால் அன்றைய வகுப்பு முடிந்தது. ஆட்களை அவர்கள் செருப்பு விடும் அழகைக் கொண்டு எடை போடுவார். "செருப்பையே கோணலா விடறான், காரை மட்டும் நேரா விட்டுருவானா?" ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வேலை எதுவும் இல்லாமல் திரும்பியிருந்த நான், அவர் வண்டியின் பின் இருக்கையில் ஓசியில் போய்வரத் தொடங்கியிருந்தேன். என் செருப்பைப் பற்றியும் கருத்துச் சொல்லியிருக்கிறார்.

அறுவைக்கு முன்பே குரலைச் சேமித்து வைக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். சத்தம் புகாத அறை, ஒரு மைக், திரையில் ஒவ்வொன்றாக வரும் வாக்கியங்கள். அவற்றைப் படித்துக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு அலைபேசியில் எதைத் தட்டினாலும் அது அவருடைய குரலிலேயே பேசும். "வீட்ல பேசற மாதிரியே படிங்கக்கா" என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். ஆனால் மைக்கைக் கண்டதும் அக்காவுக்கு எங்கிருந்தோ மரியாதை வந்துவிட்டது. தலையை வாரி, முதுகை நிமிர்த்தி, கடன் வேண்டுமா என்று போனில் கேட்கும் பெண்களைப் போல ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். "நாலு பேர் கேக்கப்போற குரல், கொஞ்சம் பதவிசா இருக்கட்டுமேன்னு" என்றார் அன்று மாலை. சொந்தத் தொண்டையால் அவர் பெருமைப்பட்டுக்கொண்ட கடைசி விஷயம் அது.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அக்காவின் இலாகா. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் முறையாக அக்கா அலைபேசியில் "சாப்பிட வாங்க" என்று தட்ட, உள்ளறையில் இருந்த மனிதர் யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீயா? யாரோ நல்லவங்க வந்திருக்காங்கன்னுல நினைச்சேன்." அக்கா கரண்டியை ஓங்கிய பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்ததாம்.

வீட்டில் சிரித்துவிட்டுப் போகலாம். வண்டியில் அப்படி முடியவில்லை. ஓடும் வண்டியில் எழுத்துத் தட்ட நேரமில்லை என்பதால், ஒரே தட்டில் பேசும் பொத்தான்களை அலைபேசியில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் மருந்துக்கடைக்கார அம்மாள் மதிலைப் பார்த்து வண்டியை விட்டுக்கொண்டிருந்தார். "பிரேக் போடுங்க" என்றது அலைபேசி, தொட்டிலில் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "சரிங்க" என்றார் அந்த அம்மாள். கால் அசையவில்லை. அக்காவின் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்தான் மதிலைக் காப்பாற்றியது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "அவங்க சொன்ன தினுசுல அவசரம் எதுவும் தெரியலையேம்மா" என்றார்.

பயிற்சிப் பள்ளி முதலாளிக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு மாலை அக்காவை உட்காரவைத்துப் பேசினார். "இந்தக் குரல எல்லா வண்டியிலயும் போட்டுருவோம்க்கா. ரோட்ட கேமரா பாத்துக்கும், சொல்ல வேண்டியத குரல் சொல்லிரும். ஆபத்துன்னா பிரேக்கும் தானா பிடிச்சிரும். நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்? வீட்ல இருங்க, மாசாமாசம் ஒரு தொகை வந்துரும்."

அக்கா நிதானமாகத் தட்டினார். அலைபேசி இனிமையாகச் சொன்னது: "நான் உக்கார்ற எடத்துல தான் என் குரலும் உக்காரும். வேணாம்னா ரெண்டு பேரும் கிளம்பறோம்."

"திட்டறீங்களா வாழ்த்தறீங்களான்னே தெரியல" என்று முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வருசம் முடியட்டும். உங்களுக்குன்னு ஆள் சேந்தா அந்த சீட் உங்களுது. சேரலன்னா அந்த வண்டியிலயும் கேமரா தான்" என்றார்.

வேறு யாரோ ஒருத்தியின் குரலை விலைக்கு வாங்கிப் புது வண்டியில் போட்டார். அதன் பக்கத்து இருக்கை காலி. யாரும் பார்க்காமல் தப்புச் செய்யலாம் என்பதே பலருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அக்காவிடம் வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். மருந்துக்கடைக்கார அம்மாளும் போனார். வகுப்பு இல்லாத நேரங்களில் அக்கா வண்டியைக் கழுவினார். கழுவிய வண்டியை மறுபடியும் கழுவினார்.

அந்த நாட்களில்தான், கணவர் அக்காவிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். பழைய பயிற்சி வண்டிகளுக்குள் முதலாளி முன்பே கேமரா மாட்டியிருந்தார், பரீட்சையில் தோற்றவர்கள் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக. அதில் அக்காவின் திட்டு முழுவதும் வருடக்கணக்கில் பதிவாகியிருந்தது. முதலாளியிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கொடுத்தார். கொஞ்சம் கேட்டுவிட்டு அவள், "சார், இதுல பாதி வார்த்தைய மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தா என் வேலை போயிரும்" என்றாளாம். இன்ஜின் சத்தம், மழை, தெரு இரைச்சல், கற்றுக்கொள்ள வந்தவர்களின் அழுகை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும், நாளாகும், வருமா என்றும் சொல்ல முடியாது என்றாள். கணவர் வீட்டில் மூச்சு விடவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கம்தானே.

மாதங்கள் போயின. வருடக் கடைசியில் அக்காவிடம் மிஞ்சியிருந்தவர் சுவருக்கு வண்ணம் பூசும் ஒருவர் மட்டும். ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அலைபேசிக்குச் செய்தி வந்தது. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்தான். "சார் குடுத்த பழைய பதிவுகள்ல இருந்து எடுத்தது. லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. போட்டுப் பாருங்கக்கா." அக்கா இரண்டு முறை படித்தார். புதுக் குரலை ஏற்றினார். பொத்தான்களுக்குள் எதையோ எழுதிவைத்தார். தட்டிப் பார்க்கவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வளைவில் வழக்கம்போல வண்ணம் பூசுபவரின் பார்வை புதிதாகப் பூசிய கட்டடம் ஒன்றின் மேல் போயிற்று. வண்டியும் கூடவே போகத் தொடங்கியது. அக்கா பொத்தானைத் தட்டினார்.

"யோவ், செவத்த அப்புறம் ரசிக்கலாம், பிரேக்க மிதிய்யா."

வண்டி குலுங்கி நின்றது. என் நெற்றி முன் இருக்கையில் மோதியது. அக்காவின் கால் அவருடைய பிரேக்கைத் தொட்டிருக்கவே இல்லை. வண்ணம் பூசுபவர் அலைபேசியின் பக்கம் திரும்பாமல், அக்காவின் முகத்தைப் பார்த்து, "சாரிக்கா" என்றார்.

அக்கா அவருக்குத் தலையாட்டவில்லை. அலைபேசியைத் தாங்கியிலிருந்து கழற்றி, கழுத்துத் துணியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, அதே பொத்தானை இன்னொரு முறை தட்டினார்.