டத்தோவுக்காக மூடிய திரை

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கித் திரையை மூடிய ஒரு மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன். வருடங்கள் ஓடிவிட்டன, ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. மேடைக்குப் பின்னால் வேலை செய்ய விரும்பும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்தில் சண்டையால் என் படிப்பு நின்றுபோய், மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலிருந்த சித்தப்பா வீட்டுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படித்தேன். எனக்கும் கணக்குக்கும் ஒத்துவரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கலைச் சங்கம் போட்டியோடு தமிழ் நாடக விழா நடத்துவதாகவும், தொண்டர் வேலைக்கு ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கயிறு

தொண்டர் என்றால் யாரும் செய்ய விரும்பாத வேலையைச் செய்பவர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தேநீர் ஊற்றினேன், வேட்டிகளை அயர்ன் பண்ணினேன், கிழிந்த ஜாக்கெட்டுகளைத் தைத்தேன். திரை இழுக்கிறவர் அன்று வரவில்லை. சங்கச் செயலாளர் என்னைப் பார்த்தார். அகலமான சஃபாரி சட்டை, சட்டையில் ரோஜாப்பூ பேட்ஜ், எப்போதும் அவசரம். அதுதான் அவர்.

"நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, இந்தக் கயித்தப் புடிங்க லா" என்றார், அந்த ஊர் வழக்கப்படி ஒரு "லா"வையும் சேர்த்து.

அது சும்மா நிற்கிறவர்களுக்கான வேலை அல்ல. அந்த மண்டபத்துத் திரை பழையது, பாதி தூரத்தில் சிக்கும். சிக்குகிற இடத்தில் வெடுக்கென்று இழுத்தால் மேலே வளையம் கழன்றுவிடும். கொஞ்சம் தளர்த்தி, ஒரே சீராக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்க விங்ஸில், மேடையோரத்து மறைவில், லைட்காரர் நிற்பார். அவர் டார்ச்சைக் காட்டினால் அதுதான் கியூ. கடைசி வசனத்துக்கும் திரை மூடுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும் என்று ஒத்திகையில் கற்றுக்கொண்டேன். உள்ளங்கை காய்த்துப் போனது. கணக்கியல் வகுப்பில் கிடைக்காத சந்தோஷம் அந்தக் கயிற்றில் கிடைத்தது.

மேரு பெண்கள்

விழாவின் இரண்டாம் நாளில் முதல் நாடகம், மேரு என்ற ஊரிலிருந்து வந்த பெண்களுடையது. எல்லாரும் அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். நாடகத்தை அவர்களே சேர்ந்து எழுதியிருந்தார்கள். ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், ஒரு குடும்பம் சாமான் கட்டுகிறது. கதை அவ்வளவுதான். தாயாக நடித்தவர் அஞ்சலை அக்கா, பேக்கிங் பகுதியில் வேலை. நாடகம் முழுக்க அந்தத் தாய் வாயே திறக்க மாட்டாள். புருஷன் கத்துவான், மகள் அழுவாள், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து மிரட்டுவான். அவள் சட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே இருப்பாள். கடைசிக் காட்சியில்தான் பேசுவாள். அதற்காகத்தான் அந்த நாடகமே.

மேக்கப் போட்டபடியே அஞ்சலை அக்கா என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, எட்டரைக்கு வேன் கெளம்பிரும். எங்களுக்கு நைட் ஷிப்ட். சூப்பர்வைசர் லீவு தர மாட்டேன்னுட்டான். அதனாலதான் முதல் நாடகமா போடுங்கன்னு செயலாளர்கிட்ட கேட்டோம். சரின்னாரு."

சரி என்று சொன்னவர் அவர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மாதானே நிக்குது"

நாடகம் நன்றாகப் போனது. முக்கால்வாசி முடிந்திருந்தது. மேடையில் புருஷனும் மகளும் வெளியே போய்விட்டார்கள். அஞ்சலை அக்கா தனியாக, கையில் ஒரு சட்டியுடன், வெறும் வீட்டைப் பார்த்தபடி நின்றார். மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. சனம் அப்படி அடங்கி உட்கார்ந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் விங்ஸுக்குள் ஓடி வந்தார். "டத்தோ வந்துட்டாரு! கர்ட்டன மூடு. மாலை போட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

டத்தோ என்று அரசுப் பட்டம் பெற்ற அந்தப் பிரமுகர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர், ஆறரைக்கு வந்திருக்க வேண்டியவர்.

"அண்ணை, நாடகம் நடக்குது. இந்தக் காட்சி முடியட்டும்" என்றேன்.

"என்ன நடக்குது? அந்தம்மா சும்மாதானே நிக்குது? யாரும் ஒண்ணுமே பேசல. இப்ப நிப்பாட்டினா என்ன கொறைஞ்சிரும்?"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து கயிற்றை உருவி இழுத்தார். திரை பாதியில் சிக்கியது. வெடுக்கென்று இன்னொரு இழுப்பு. மேலே இரண்டு வளையங்கள் கழன்று விழுந்தன. மூடிவிட்டார்.

அஞ்சலை அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "என்னா, கரண்ட் போச்சா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மகளாக நடித்த பெண்தான் விம்மினாள்.

திரைக்கு முன்னால் மாலை, பொன்னாடை, போட்டோ. செயலாளரின் இரண்டு வார்த்தைக்கு முடிவே இல்லை. பிறகு தலைவர் பேசினார், பிறகு பொருளாளர் பேசினார். எட்டரை தாண்டிவிட்டது. வேன் டிரைவர் பின்கதவில் வந்து நின்றார். நான் செயலாளரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

"அப்ப போகச் சொல்லுமா. அடுத்த நாடகத்துக்குச் செராஸ் குரூப் ரெடியா இருக்காங்க. இவங்களோடது முடிஞ்ச மாதிரிதானே" என்றார்.

முடிந்த மாதிரியா? பேசுவதற்காகவே வந்த ஒருத்தி வாயே திறக்கவில்லை, அது முடிந்த மாதிரியா?

திரும்பி வந்து, "அக்கா, கடைசிக் காட்சியைப் போடுவமோ?" என்று கேட்டேன்.

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "சீக்கிரம் முடிங்க லா, நான் ஹைவேல அமுக்கிக்கிறேன்" என்றார்.

வெளியே டத்தோ மைக்கில் பேசத் தொடங்கியிருந்தார். தமிழ் நாடகத்தை வளர்ப்பது நம் எல்லாருடைய கடமை என்று அவர் சொல்லும்போது நான் திரையைத் திறந்தேன்.

முதலில் சிரிப்பு எழுந்தது. டத்தோ திரும்பிப் பார்த்தார். கையில் சட்டியுடன் அஞ்சலை அக்கா அதே இடத்தில் நின்றார். லைட்காரர் யாரும் சொல்லாமலே வெளிச்சத்தை ஏற்றினார். சிரிப்பு அடங்கியது. அஞ்சலை அக்கா பேசினார்.

"இந்த வீட்டுக் கதவுக்குத் தாப்பா இல்ல. புள்ளைய வச்சிருக்கேன், ஒரு தாப்பா போட்டுக் குடுங்கன்னு எத்தனை மேனேஜர்கிட்ட கேட்டிருப்பேன்? ஒருத்தனும் குடுக்கல. இன்னைக்குப் பூட்டு கொண்டாந்திருக்கீங்க. எங்கள வெளிய வச்சுப் பூட்ட."

டத்தோ மைக்கை விட்டு விலகி, பக்கத்துப் படியில் இறங்கி, வரிசையின் ஓரத்தில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விங்ஸில் செயலாளர் "மூடு, மூடு" என்று பல்லைக் கடித்தார். நான் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். டார்ச் தெரிந்தது. ஒரு மூச்சு விட்டுத்தான் மூடினேன். கைதட்டல் ஓயுமுன்பே அந்தப் பெண்கள் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வேனுக்கு ஓடினார்கள்.

மரியாதை

அன்றைக்குப் புறப்படும்போது டத்தோ என்னைக் கூப்பிட்டு, "நான் பின்னால ஒரு சீட்ல உக்காந்து பாத்திருப்பேனேம்மா. யாரு நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டார். நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் மேடையிலேயே அறிவித்தார்கள்: விருந்தினரை அவமதித்ததால் மேரு குழுவின் நாடகம் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. அவமதிக்கப்பட்டவரே அப்படி நினைக்கவில்லை என்று நான் கமிட்டியிடம் போய்க் கத்தினேன். "பெரியவங்க பெருந்தன்மையா அப்படித்தான் சொல்லுவாங்க. நாமதான் புரிஞ்சி நடந்துக்கணும்" என்றார் செயலாளர். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். தொண்டர் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மேருவுக்குப் போய் அஞ்சலை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பரிசு போனா போவுது. ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய்ட்டோம், நானும் பேசிட்டேன்" என்றார். பிறகு ஈரத் துணியைக் கையில் வைத்தபடி, "ஆனா நான் சும்மா நிக்கிறேன்னு சொன்னாராமே, அதுதான் தங்கச்சி தாங்கல" என்றார்.

எனக்கும் இன்றுவரை தாங்கவில்லை.

கணக்கியலை நான் முடிக்கவில்லை. இப்போது கொழும்பில் ஒரு மண்டபத்தில் மேடை நிர்வாகியாக இருக்கிறேன். நிகழ்ச்சி நடத்த வருகிறவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். திரை திறந்தபின் விருந்தினர் வந்தால், காட்சி முடியும்வரை பின்னால் நிற்க வேண்டும்.

"ஐயோ மிஸ், அவர் கோவிச்சுக்கொள்வாரே!" என்று பதறுவார்கள்.

"அவரைக் கேட்டனீங்களோ?" என்பேன்.

இத்தனை வருட வேலையில், கேட்டோம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.