சட்டைப்பையில் பச்சரிசி

ஸ்வீடனில் நான் இருக்கும் ஊரில், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பத்து நிமிடம் தின்னக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. பெரியவர்கள் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்து, உள்ளங்கையில் ஆளுக்கொரு 'ரூசின்' வைத்துக்கொண்டு பார்க்கிறோம், முகர்கிறோம், காதோரம் உருட்டிக் கேட்கிறோம். பாயசத்தில் போட வேண்டியதை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சேர்ந்தவள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

என் சீக்கு பச்சரிசி. முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சமைக்காத அரிசியை மென்றுகொண்டிருக்கிறேன். நம் ஊரில் இதை ஓர் அதட்டலோடு விட்டுவிடுவார்கள். இங்கே நான் மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். என் சட்டைப்பையிலிருந்து சிந்திய அரிசியை இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பொறுக்கி வாயில் போட்டு, அதற்குப் புரையேறிவிட்டது. முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் சரியாகிவிட்டது. காரின் என்ற எங்கள் மேலாளர் குரலை உயர்த்தாமல், "இன்னொரு முறை உன் பையில் அரிசி இருந்தால் உன்னைக் குழந்தைகளோடு விட முடியாது" என்றாள். ரத்தத்தில் இரும்புச்சத்து கம்மி என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சத்து ஏறியது, பழக்கம் போகவில்லை. அதன் பிறகுதான் பழக்கங்களை விடக் கற்றுத்தரும் இந்த வகுப்பு.

இரண்டாம் வாரம், விட முடியாததைக் கொண்டுவாருங்கள் என்றார் வகுப்பு நடத்தும் பிர்கிட்டா. ஒருவர் சிகரெட் கொண்டுவந்தார், இன்னொருவர் கைப்பேசியை நீட்டினார். நான் ஒரு பிடி அரிசியை மேசையில் வைத்ததும் பிர்கிட்டா பயபக்தியோடு கைகூப்பி, "இது உன் பூஜைக்கா?" என்றார். "இல்லை, இதுதான் என் சிகரெட்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"உடனே தின்னாதே. கை போவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறதென்று மட்டும் பார்" என்றார். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். நாக்கில் எச்சில் ஊறும் என்று காத்திருந்தேன். ஊறவில்லை. தெருவில் ஏதோ வேன் வந்து நின்றது. என் கழுத்து விறைத்தது, காது அந்தப் பக்கம் போனது. கை அரிசிக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்ததுதான். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், எங்கள் பக்கம் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வடக்கனந்தல் என்ற ஊரை ஒட்டி, சாலையோரத்தில் எங்கள் வீடு. மரம் வெட்டப் போனவர்களில் என் அண்ணனும் ஒருவர். போனவர் திரும்பவில்லை. மரங்களை அப்புறப்படுத்திய பின்னும் பஸ் ஓடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் அது ஆள் பிடிக்க வரும் போலீஸ் வேன்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அரிசி டின்னுக்குள் கையை விட்டேன்.

"இன்னாடி, எந்நேரமும் அரிசிய தின்னுகினே கீற? ஒன் கல்யாணத்தன்னிக்கு மழதான் கொட்டும்" என்றாள் அம்மா.

"கொட்டட்டும்மா. அண்ணன் வரட்டும்."

ஒன்பதாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள். அன்றோடு என் பழக்கமும் நின்றிருக்க வேண்டும். அண்ணன் வந்துவிட்டதை என் கையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போனில் கேட்டேன். "அண்ணா, அந்த ஒம்பது நாளும் எங்க இருந்த?"

"கல்வராயன் மலையில ஒரு வூட்ல. சாமைச் சோறு, தேனு, ராஜா மாரி கவனிச்சாங்க. இத இன்னாத்துக்கு இப்ப கேக்கற?"

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

நேற்றுப் பள்ளி வாசலில் குப்பை வண்டி வந்து நின்றது. கழுத்து, காது, கை, எல்லாம் வரிசை மாறாமல் புறப்பட்டன. இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தேன். கை பைக்குள் போய்த் துழாவியது. பை காலி. நெஞ்சில் ஒரு தவிப்பு ஏறியது, தாங்க முடியாது என்று தோன்றும் வரை ஏறியது, பிறகு தானாக இறங்கியது. கையைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: "அண்ணன் வந்துடுச்சி."

பின்னால் மேலாளர் காரின் நின்றிருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். அவளுடைய மொழியில் சொன்னேன்.

"உன் அண்ணனா! ஸ்வீடனுக்கா?"

"இல்லை, வீட்டுக்கு."

"எப்போது வந்தார்?"

"இப்போதுதான்" என்றேன்.

நல்லது, போய் அவரோடு இரு என்று அவள் எனக்கு அரைநாள் விடுப்பு கொடுத்தாள். மறுக்கத் தோன்றவில்லை. காலிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, பனியில் வடக்கனந்தலை நோக்கி நடப்பதுபோல டிராம் நிறுத்தத்துக்கு நடந்தேன்.