கொக்கிக்குக் கீழே நிற்பவர்கள்

அப்பா போன மாதம் இறந்தார். சிறுநீரகம் முதலில் கைவிட்டது, பிறகு இதயம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரை நல்ல சாப்பாட்டுக்காரர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவர் பசிக்காக மட்டும் சாப்பிடவில்லை.

இரும்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்துப் பெரிய தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்கூடம். அப்பா அங்கே கிரேன் ஓட்டினார். கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் மேல் குறுக்கே ஓடும் ஒரு பாலம், பாலத்திலிருந்து இறங்கித் தகடுகளைத் தூக்கும் கொக்கி, பாலத்தின் ஓரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு. காலையில் கூண்டுக்குள் போனால் மாலையில்தான் இறங்குவார். கீழே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "மேல இருக்கறவர்" என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவன் தலைக்கு மேல் போகும் தகட்டைப் பார்த்துப் பயந்தால், மேல இருக்கறவர் பாத்துக்குவார் என்று தைரியம் சொல்லிச் சிரிப்பார்கள்.

அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. மதியம் அவர் கயிற்றில் ஒரு வாளியை இறக்குவார். கொக்கிக்குக் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டில் ஒரு பங்கை அதில் வைக்க வேண்டும். ஒரு பிடி சோறு, இரண்டு ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, ஒரு இனிப்பு பன். கறியையும் முட்டையையும் யாரும் பங்கு வைப்பதில்லை. கொடுத்தால் கட்டுப்படியாவது சோறும் மாவும்தான். வாளி மறுபடி இறங்கும்போது காலியாக இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால், கீழே யார் மீதோ அவருக்கு மனத்தாங்கல் என்று பொருள். அன்று யாரும் கொக்கிக்குக் கீழே போக மாட்டார்கள். வேலை நின்றுவிடும். அதனால் அப்பா ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. அம்மா கட்டிக் கொடுக்கும் அடுக்குப் பாத்திரச் சோறு வேறு.

அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு மதியங்கள் கனமாயின. கண் சொக்கியது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று அம்மா பழமொழி சொன்னாள். பிறகு தாகம் வந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தீராத தாகம். கூண்டில் தண்ணீருக்கு ஒரு பாட்டிலும் சிறுநீருக்கு ஒரு பாட்டிலும் வைத்துக்கொண்டார். உடம்பு இளைத்து, இடுப்பு வாரை இறுக்கப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. வயசாகிறது, தெம்பு குறைகிறது என்று அவரே முடிவு செய்து, இன்னும் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் கொதிகலன்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை பார்ப்பவள். அளவுக்கு மேல் எரிபொருள் ஊட்டினால் சூடு அதிகமாகாது, புகைதான் வரும். அப்பாவின் உடம்பில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். சாப்பிட்டதெல்லாம் சர்க்கரையாகி ரத்தத்தில் நிரம்பியது, தசைக்குள் போய்ச் சேரவில்லை. நிறையச் சாப்பிட்டும் களைத்தார். களைத்ததால் மேலும் சாப்பிட்டார்.

கொக்கியில் சங்கிலி மாட்டுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாலை, அம்மா காய் வாங்கப் போன நேரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் அப்பா வந்து உட்கார்ந்தார். நான் மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா, கண்ணு மூடினது தெரியல. தெறந்தது மட்டுந்தான் தெரிஞ்சுது."

அன்று மதியம் வாளியைக் காலி செய்த சற்று நேரத்தில் அது நடந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் ஒரு தகட்டுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும் விசைதான். ஆனால் தூங்கிய கை அதன் மேலேயே விழுந்து கிடந்தது. கட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. எதிரே தூணில் முதுகு ஒட்டி நின்றவர் மாமா. தண்டவாளம் முடியுமிடத்தில் கிரேனை நிறுத்துவதற்கென்று இருந்த எல்லை விசை மின்சாரத்தை வெட்டியது. கட்டு ஒரு ஆட்டம் ஆடி, மாமாவின் சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்பா கண்ணைத் திறந்தபோது, மாமா மேலே பார்த்து விரலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைப் பார்த்துவிட்டு வேறு விரலில் குத்தி இன்னொரு முறை பார்த்தார். சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, உடம்பு வாகும் உண்டு என்றார் டாக்டர். ஆனால் நம் கையில் இருப்பது சாப்பாடுதான், சோறும் ரொட்டியும் பாதிக்குப் பாதி குறைய வேண்டும், மாத்திரை வேண்டும், சர்க்கரை இறங்கும்வரை எந்த இயந்திரத்திலும் உட்காரக் கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போனார். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. சரக்கு ஏற்ற லாரி காத்து நின்றது. ஏணியில் ஏறிவிட்டார். தூக்கம் வந்துவிடக் கூடாதென்று தொடையைக் கிள்ளிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அந்தத் தொடையை நான் பார்த்தேன், கன்றிப்போயிருந்தது. ஒவ்வொரு முறை கட்டைத் தூக்கும்போதும் கீழே மாமாவின் மஞ்சள் தலைக்கவசம் எங்கே என்று தேடினாராம்.

மதியம் வாளி மேலே வந்தது. வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. மேல இருக்கறவர் முகம் வாடியிருக்கிறது என்று ஆளுக்கு ஒரு பிடி கூட்டிப் போட்டிருந்தார்கள்.

அப்பா அதைத் தொடாமல் அப்படியே இறக்கினார்.

ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். அடுத்தவன் வெல்டிங் கோலைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரத்தில் கொக்கிக்குக் கீழே ஒரு ஈ காக்கைகூட இல்லை. அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கி, யார் என்ன தப்பு செய்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே அப்பாவுக்கு அன்றைக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

மாமாதான் ஏணி ஏறிப் போனார். கூண்டு வாசலில் நின்று கேட்டார்.

"எம்மேலதான கோவம்? அக்கா ஏதாவது சொன்னாளா, மச்சான்?"

"கோவமில்லடா. நேத்து தூங்கிட்டேன்."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை.

"எப்ப?"

"ஒன்ன அந்தக் கட்டு தூணுக்கு நெருக்கினப்ப."

மாமா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வெளையாடுறீங்கன்னு நெனச்சு நான் சிரிச்சேனே, மச்சான்."

கூண்டுக்குள் கையை நீட்டினார். கிரேனின் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, இறங்குங்கள் என்றார். அப்பா ஏணிவரை வந்து, கீழே பார்த்துவிட்டு நின்றார். மாமா முதலில் இறங்கி இரண்டு படி கீழே நின்றார்.

"விழுறதா இருந்தா எம்மேலயே விழுங்க."

"நேத்து தப்பிச்சது போதாதாடா ஒனக்கு" என்றாராம் அப்பா.

தரைக்கு வந்து, சுவரோரம் நின்றவர்களிடம் அவரே சொன்னார்: தனக்குச் சர்க்கரை, மேலே தூங்கிவிட்டார், யார் மீதும் வருத்தமில்லை. யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவரைக் கருவி அறைக்கு மாற்றினார்கள். தட்டில் காயும் பயறும் கூடின, சோறு ஓரத்துக்குப் போனது. சில மாதங்களில் மதியம் கண் சொக்குவது நின்றது, நடையில் வேகம் வந்தது. சிறுநீரகம் மட்டும் அதற்கு முன்பே கெட்டிருந்தது. அதை மீட்க முடியவில்லை.

கிரேனுக்கு ஒரு இளைஞன் வந்தான். கருவி அறையிலிருந்து வாசலுக்குக் குறுக்கு வழி கூடத்தின் நடுவே, கொக்கிக்குக் கீழே. ஓய்வு பெறும்வரை அப்பா அந்த வழியாக நடக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமாவிடம் வந்து, பையன் இன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்று தினமும் கேட்பார்.

"ரெண்டு முட்டை, கொஞ்சம் காய். தெளிவாத்தான் இருக்கான். வாங்க மச்சான், நான் கூட வர்றேன்" என்று மாமா கையைப் பிடித்து இழுப்பார்.

அப்பா கையை விடுவித்துக்கொண்டு, மழையிலும் வெளிச்சுவரைச் சுற்றித்தான் போவார். போகிற வழியில் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று, மாமாவின் மஞ்சள் தலைக்கவசம் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஜன்னலுக்கு நடப்பார்.