சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை

வலிப்பு உள்ள பெண்ணுக்கு அம்மாவாக இருப்பது வாட்ச்மேன் உத்தியோகம். சம்பளமும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. குளியலறைக் கதவில் காதை வைத்து நின்று, தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்தால் கதவைத் தட்டும் அம்மாக்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நன்றாக இருந்ததைக் கலைத்தார்கள்

என் மகள் நித்யாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரே மாத்திரை. வலிப்பு அடங்கித்தான் இருந்தது. தஞ்சாவூரில் புதிதாக வந்த நரம்பு டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இந்த மருந்து சாப்பிடும் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குறை வரலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். பழையதை மெல்லக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டுமாம். "கல்யாணப் பேச்சே எடுக்கலை டாக்டர், அதுக்குள்ள பேரப்பிள்ளைக் கவலையா?" என்றேன். மாற்றும் மாதங்களில் வலிப்பு தலைகாட்டலாம் என்றும் அவரே சொன்னார்.

திருச்சியில் எம்.எஸ்ஸி. இடம் வாங்கிவிட்டு, விடுதிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தாள் நித்யா. ஒரு தடவை வலிப்பு வந்தாலும் திருச்சி கிடையாது என்று அங்கேயே அறிவித்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "மாத்திரையைக் குறைக்கிற மாதிரி அம்மாவையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க முடியுமா டாக்டர்?"

ஒளிப்பதிவாளர்

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் ஸ்ப்ரே அடிக்கணும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். புது மாத்திரை தொடங்கியதும் இன்னொன்றும் சேர்ந்தது: செல்போனில் படம் எடுக்கணும். வாயால் சொல்வதைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லுமாம். பெற்ற பெண் துடிக்கும்போது போனைத் தூக்கிப் பிடிக்கும் நெஞ்சு எனக்கு ஏது? கணவரிடம் தள்ளிவிட்டேன். அவரோ பழகிப் பார்க்கிறேன் என்று நித்யா தும்முவதை, கொட்டாவி விடுவதையெல்லாம் எடுத்து வைத்தார்.

அவருடைய அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்: "நான் மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன் தம்பி, அவ படமெல்லாம் கேக்க மாட்டா!"

மறியல்

ஆடி வெள்ளியன்று விடுதிக்கு வேண்டிய சாமான் வாங்க நானும் நித்யாவும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். வழியில் மறியல். புறவழிச்சாலைக்கென்று, நட்டு வளர்ந்த குறுவைப் பயிரின்மேல் மண்ணைக் கொட்டிவிட்டார்களாம். காற்றுக்காக இறங்கி நின்ற நித்யா அப்படியே சரிந்தாள். "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று கூட்டம் பாய்ந்து வந்தது. ஒருவர் சாவிக்கொத்து, டிரைவர் ஸ்பேனர், ஒரு அம்மாள் கதிர் அரிவாள்.

குரலை உயர்த்தாமல் அதட்டுவதுதான் கான்வென்ட் படிப்பு எனக்குத் தந்த ஒரே சொத்து. கையைச் சும்மா விட்டால்தானே இரும்பைத் தேடுவார்கள்? "நீங்க குடை பிடிங்க. டிரைவர், மணி பாருங்க. அரிவாளை அந்தாண்ட வைங்கம்மா. சார், போனை வாங்கிப் படம் எடுங்க" என்றேன். கடைசி உத்தரவு மறியலுக்குக் காவல் வந்த போலீஸ்காரருக்கு. அவரும் மறு பேச்சில்லாமல் எடுத்தார். நான் ஸ்ப்ரேயை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். நல்லவேளை, அதற்கு வேலை வைக்காமல் துடிப்பு நின்றது. அவர்களே வழிவிட்டு ஆட்டோவில் ஏற்றினார்கள். அரிவாள்காரம்மா என் தோளைத் தொட்டார்: "நெலத்தை எடுக்க வர்றவனையும் இப்படி ஒரு அதட்டு அதட்டிட்டுப் போங்கம்மா."

டாக்டர் கேட்ட கேள்வி

டாக்டரம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சி முடிந்தது, பழைய மாத்திரைக்கே போய்விடலாம் என்று நான் பேசத் தயாராக இருந்தேன். நித்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில மாத்திரை போட்டியாம்மா?" என்றார் டாக்டர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். வெறும் வயிற்றில் போடாதே, போடாதே என்று ஓதி வளர்த்தவள் நான்தான். நித்யா மெல்லச் சொன்னாள்: "அத்தையோட வேண்டுதல், இன்னிக்குத்தான் விரதம் ஆரம்பிச்சேன், சீட்டுல சாப்பாட்டுக்குப் பின்னு போட்டிருக்கே, சாப்பிடாம எப்படி டாக்டர் போடுறது?"

அம்மன் கேட்டதும் கேட்காததும்

போடாத மருந்து எப்படித் தோற்கும் என்றார் டாக்டர். புதியதே தொடரட்டும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வேளை தவறக் கூடாது, விரதமே வேண்டாம் என்றார். நாத்தனாரிடம் சண்டை போடத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் முந்திக்கொண்டு நித்யாவைப் பிடித்தார்: "அம்மன் சோத்தைத்தானேடி விடச் சொன்னா, மாத்திரையை யாருடி விடச் சொன்னா?"

விடுதி வாசல்

அதன்பிறகு புது மாத்திரையில் வலிப்பு வரவில்லை. திருச்சி வேண்டாமென்று சொல்ல எனக்குக் காரணமும் கிடைக்கவில்லை. அறைத்தோழிக்கு ஒருக்களித்துப் படுக்க வைப்பதை நித்யாவே படுத்துக் காட்டினாள். ஸ்ப்ரே இருக்கும் இடத்தையும் காட்டினாள். நான் வாசலைவிட்டு நகராமல் நின்றேன். "மாத்திரை போட்டதும் மெசேஜ் பண்றேன்மா, வரலைன்னா உடனே பஸ் ஏறிடாதே, முதல்ல உன் போன்ல சார்ஜ் இருக்கான்னு பாரு."

காவலுக்குரியவள் திருச்சிக்குப் போய்விட்டாலும் உத்தியோகம் என்னை விடுவதாயில்லை. இப்போது என் கணவர் குளிக்கும்போது கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.