கை கட்டிப் பேசும் பூபதி

பல் துலக்கும்போதும் பூபதி பேச்சை நிறுத்துவதில்லை. “அப்பா பேஸ்ட்டு வெக்கறேன். வெள்ளப் பேஸ்ட்டு. இப்பத் தேய்க்கறேன்” என்று நுரை வழியச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார். “உம்முனு இருந்த மனுசன், இப்ப ரேடியோ ஆயிட்டாரு.”

உண்மைதான். பூபதி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர். தகட்டை அடித்து வளைக்கும் அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையில்லை; எல்லாம் கைஜாடைதான். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் ‘இரு, வர்றேன்’. மகள் ரஞ்சிதா காது கேளாமல் பிறந்தபோது அந்த ஜாடைகளையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பனும் மகளும் கையாலேயே அடித்த அரட்டையைப் பார்த்து மனைவி ரேவதிக்கே பொறாமை.

போன வருஷம் ஆபரேஷன் செய்து காதுக்குக் கருவி வைத்தார்கள். மறுநாளே மகள் ‘அப்பா’ என்பாள் என்று காத்திருந்தவரிடம், பேச்சுப் பயிற்சி தரும் மேடம் நிதானமாகச் சொன்னார்.

“சத்தம் உள்ள போகுதுங்க. எது நாய், எது அப்பான்னு மூளைதான் பிரிச்சுப் பழகணும். காதுக்குன்னு மூளையில இருக்கற எடம் இத்தன நாள் சும்மா கெடந்துச்சில்ல, கண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. வயசு ஏற ஏற காலி பண்ண வெக்கறது கஷ்டம். கைய மடக்குங்க, வாயத் தொறங்க.”

“காலி மனைய வளைச்சுப் போடறாப்புலங்க” என்றார் பூபதி. ஓசூர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுகிறார். குக்கர் விசிலுக்கு வர்ணனை, பால் வண்டி ஹாரனுக்கு வர்ணனை. பேச்சு தீர்ந்தால் பஸ் போகும் ஊர்களைச் சொல்கிறார்: “பாகலூர், பர்கூர், கெலமங்கலம்...” சாயங்காலம் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, உதடு தெரியாமல் ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். இதுவரை அவள் திரும்பியதே இல்லை. தன் குரலுக்கு மட்டும் அங்கே இடம் கிடைக்காமலே போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதா வாசற்படியில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பூபதி பின்னால் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

“ரஞ்சிதா.”

அன்றும் அவள் திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல், ஒரு கையால் பொம்மையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.