அரசனுக்கு வாய்த்த குரல்

நெடுந்தீவில் எங்கள் கோயிலடிக் கூத்தில் என் அண்ணர் பல வருடங்கள் ராணி வேடம் கட்டினார். அவருக்கு மெல்லிய குரல். நான் மந்திரி. ஒரு மாரிக்குப் பிறகு அந்தக் குரல் தடித்துக் கரகரத்தது, மூக்கும் அடைத்துக்கொண்டது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு அது மிகவும் பிடித்துப்போய், அரசன் வேடத்தையே கொடுத்துவிட்டார். அண்ணர் வீட்டிலும் அரசனாகவே நடமாடத் தொடங்கினார்.

அவருடைய மனைவி, என் மச்சாள், மட்டும் மகிழவில்லை. கொதிக்கும் கூழை அண்ணர் ஊதாமலே குடித்தார். மேல்வாய்த் தோல் உரிந்து தொங்கியும் அவருக்குத் தெரியவில்லை. டொக்குத்தரிடம் காட்டச் சொல்லி மச்சாள் தந்த ஓயாத ஆக்கினை தாங்காமல் அவரை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப் போனேன்.

டொக்குத்தர் வாய்க்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். அண்ணத்திலும் உண்ணாக்கிலும் சிறு சிறு கட்டிகள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் மேல்வாயைத் தொடுவதாகவும், பட்டதும் கையை உயர்த்தும்படியும் சொன்னார். பல இடங்களில் தொட்டார். கை உயரவில்லை. கடைசியில் அண்ணர் கண்ணைத் திறந்து, “ஐயா இன்னும் துவங்கேல்லையோ?” என்று மரியாதையாகக் கேட்டார்.

மூக்கில் சுரண்டி எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, குட்டநோய் என்றார் டொக்குத்தர். அண்ணரின் காதுமடல்கள் தடித்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். குரல் மாறியதும் இந்த நோயால்தான். கிழமைதோறும் நீரடிமுத்து எண்ணெயை ஊசியால் ஏற்றினால் கட்டிகள் வற்றக்கூடும் என்றார்.

அண்ணர் தன் காதுமடலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “ஐயா, வருத்தத்தை மாத்திப்போட்டு இந்தக் குரலை மட்டும் விடேலாதோ?” என்றார்.

“அது என்ரை கையிலை இல்லை” என்று சொல்லிவிட்டு டொக்குத்தர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய தோள்கள் குலுங்கின. தனிக்குடிலில் இருக்க வேண்டும், தனிக்கோப்பை வேண்டும், ஒருவரையும் கிட்ட விடாமல் கூத்தாடலாம் என்றார்.

எண்ணெய் தேனைப்போல் தடிப்பானது. ஊசி இடுப்புக்குக் கீழே. திரும்பும் வள்ளத்தில் அண்ணர் இருக்க ஏலாமல், பாய்மரத்தைப் பிடித்தபடி நின்றே வருவார். வள்ளம் சரிகிறதென்று வள்ளக்காரர் வழி நெடுகப் புறுபுறுப்பார்.

கூத்தன்று நானும் சேவகர்களும் டொக்குத்தர் சொன்னதற்கும் மேலாகவே தள்ளி, மேடையின் ஓரத்தில் நின்று வணங்கிப் பாடினோம். இப்படிப் பணிவான மந்திரியைத் தாங்கள் கண்டதில்லை என்று புங்குடுதீவிலிருந்து வந்தவர்கள் பாராட்டினார்கள். அண்ணருக்குக் காரணம் தெரியும். ஆனாலும் மறுநாள் என்னிடம், “நீ இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருக்கலாம்” என்றார்.

சில வருட ஊசியில் கட்டிகள் வற்றின. குரல் தெளியவில்லை. நோய் அரித்ததில் மேல் முன்பற்கள் இரண்டு விழுந்தன. அரசனின் குரல் நின்றதே போதுமென்று அண்ணர் பல்லைப் பெரிதாக எடுக்கவில்லை. மச்சாள்தான் கட்டுப்பல் போடச் சொல்லி அவரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.