அக்காவுக்கு வெயில் குறைச்சல்

என் அக்காவின் உடம்புக்கு வெயில் போதவில்லை என்று டாக்டர் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார்.

"இன்னா சார், நாங்க நெட்டுக்குப்பம். எங்களாண்ட வெயிலுக்கா பஞ்சம்?"

கடலுக்குப் போய்ப் போய்க் கருத்த தன் கையை மேசைமேல் நீட்டியும் காட்டினார். டாக்டர் அம்மாவைப் பார்த்து, "பொண்ணு பகல்ல வெளியே வருதா?" என்று கேட்டார். அம்மா அக்காவின் பாவாடையை இழுத்துக் கால்களை மூடினாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து கால்கள் இரண்டும் சூம்பிப்போயிருந்தன. அவளைப் பார்த்துப் பிறர் உச்சுக்கொட்டுவதை அம்மாவால் தாங்க முடியாது. அதனால் பகலெல்லாம் அக்கா வீட்டுக்குள்தான். பொழுது சாய்ந்ததும் அவள் முன்பு படித்த பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் வந்து, அவளைச் சக்கர நாற்காலியில் தார்ச்சாலைக்கு அழைத்துப்போவார். மாவட்டச் சக்கர நாற்காலிப் பந்தயத்துக்குப் பயிற்சி. அந்நேரம் முகத்துவாரத் தண்ணீர் செம்பாக மினுங்கும். அனல்மின் நிலையத்துப் புகை சாய்ந்து சாய்ந்து கடல் பக்கம் போகும். அக்கா அதைத் துரத்திக்கொண்டு போவாள். அவள் பின்னால் ஓடும் எனக்கு, இருவரும் எங்கேயோ மிதந்து போவதுபோல் இருக்கும்.

சில மாதங்களாக அக்கா பாதி தூரத்திலேயே நின்றுவிடத் தொடங்கியிருந்தாள். தோளில் வலி, கைகளில் சோர்வு. டீச்சர் சொல்லித்தான் டாக்டரிடம் வந்திருந்தோம். வைட்டமின் டி மிகவும் குறைந்திருக்கிறது என்று சொல்லி, வாரம் ஒன்றாகப் பாலில் கலந்து குடிக்கச் சின்னப் பொடிப் பாக்கெட்டுகள் எழுதிக் கொடுத்தார்.

"இது மட்டும் பத்தாது. வெயில்லயும் உக்கார வைங்க. வலி குறையும். ஜெயிக்கிறது அவ பயிற்சியிலதான் இருக்கு."

அந்தப் பாக்கெட்டில் இருப்பது பொடி செய்த வெயில் என்றே நம்பினேன். அக்கா பாலைக் குடிக்கும்போதெல்லாம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாடி அப்டி பாக்குற?"

"உள்ள வெளிச்சம் கீதான்னு பாக்குறேன்கா."

மறுநாளிலிருந்து அப்பா கரைக்கு வந்ததும் அக்காவைத் தூக்கிப்போய், கவிழ்த்திருந்த படகின் மேல் உட்காரவைத்தார். அம்மா வாசலைத் தாண்டவில்லை. வலை சரிசெய்கிறவர்களும் மீன் கூடைக்காரிகளும் முதலில் வெறித்துப் பார்த்தார்கள். பிறகு பழகிப்போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். அக்கா கண்களை மூடி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, இல்லாத சக்கரங்களைக் கைகளால் தள்ளிக்கொண்டிருப்பாள்.

மெல்ல வலி குறைந்தது. முழுத் தூரமும் போய்த் திரும்பினாள்.

பந்தயத்தன்று அம்மாவும் வந்தாள். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். அக்கா புழுதியைக் கிளப்பிக்கொண்டு மூன்றாவதாக வந்தாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண், "யாரு வூட்டுப் பொண்ணுமா அது? இன்னா வேகம்!" என்றாள்.

அம்மா எழுந்து நின்றாள்.

"எம் பொண்ணு. என் பெரிய பொண்ணு!"

மைதானமே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாவது இடம்தானே கிடைத்தது, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. அட்த்த வாட்டி அக்கா ஃபர்ஸ்ட்டு வரும்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.